வெர்னனின் மாதா பாட்டு

பேர்பெச்சுவாவின் வாயில் அவல் கூட ஊறாது. அப்பேர்ப்பட்டவள் ஒரு விசயத்தை மட்டும் வருசக்கணக்காக மூடி வைத்திருந்தாள் என்றால், அது புருசன் யாகோப்பு போட்ட வாய்ப்பூட்டு.

ஹம் நகரில் அவர்களுடைய கீழ்வீட்டுக்காரர் வெர்னன். அமெரிக்கப் பட்டாளத்தோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே தங்கி, எழுபதுகளில் சோல் என்னும் அமெரிக்க இசையில் பாட்டுகளாக எழுதித் தள்ளிய கறுப்பின மனிதர். அவர் பாட்டுக்கு நடனசாலைகளில் சனம் உருகி ஆடியதாம். இப்போது அவருடைய பியானோவைக் கேட்க மேல்வீட்டுத் தமிழர்தான் மிச்சம். அப்படிக் கேட்டுக் கேட்டு, அவருடைய காதல் பாட்டொன்றின் மெட்டிலே யாகோப்பு மாதாவுக்கு ஒரு பாட்டுக் கட்டிவிட்டான். மெட்டெடுத்துப் பாட்டுக் கட்டுவது எங்கள் சனத்துக்குப் புதிதா என்ன? தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் அது பிடித்துக்கொண்டது, கொலோன் நகர் வரைக்கும் போனது. வெர்னனுக்குத் தெரிந்தால் கள்ளன் என்பார் என்று யாகோப்புக்கு ஒரே நடுக்கம்.

2005இல் ஒரு சனிக்கிழமை, படிக்கட்டில் பேர்பெச்சுவாவைக் கண்ட வெர்னன், திங்களன்று பியானோவை எடுத்துப்போக ஆள் வருகிறது என்றார். பாட ஆளில்லாத பாட்டுகளுக்குப் பியானோ எதற்காம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பேர்பெச்சுவாவுக்கு மனம் கேட்கவில்லை.

“நாளைக்கு அவரைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறன்,” என்றாள் புருசனிடம்.

“உனக்கென்ன விசரே? எங்களைக் கள்ளர் எண்டெல்லோ நினைப்பார்.”

“நினைச்சா நினைக்கட்டும். பியானோ போனா மனுசன் உடைஞ்சு போயிடுவார்.”

ஞாயிறு நற்கருணை நேரம் பாட்டுத் தொடங்கியது. பேர்பெச்சுவா பீடத்தைப் பார்க்கவில்லை, வெர்னனின் முகத்தையே பார்த்தாள். முகம் கல்லாக இருந்தது. பாடகர் குழுவில் நின்ற யாகோப்புக்குச் சுருதி தப்பியது. பிறகு மெல்ல வெர்னனின் கால் தாளம் போட்டது. இரண்டாம் சரணத்தில், சொல் தெரியாமலே, நடுவில் தன் பாணியில் ஓர் இழுவை இழுத்து, வாய்விட்டுப் பாடினார்.

முன்வரிசையில் இருந்த, அறுபது தாண்டிய சாந்தாக்கா திரும்பி முறைத்தா. பாட்டில் ஆர் பிழைவிட்டாலும் விடாத மனுசி. பூசை முடிந்ததும் வாசலில் மறித்தா.

“பிள்ளை, இந்த ஐயாவுக்குச் சொல்லு. இது நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே மன்னாரில பாடின மாதா பாட்டு. நடுவில அவர் இழுக்கிறது பிழை.”

யாகோப்பு வேர்த்து நின்றான். பேர்பெச்சுவா ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொல்லி, இந்தப் பாட்டை இங்கே எல்லாரும் பாடுகிறார்கள் என்றும், மெட்டை எடுத்தது தன் புருசன் என்றும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். வெர்னன் கண்ணீர் வரச் சிரித்தார். யாகோப்பைக் கட்டிப் பிடித்தார்.

“நான் எழுத முதலே மன்னாரில் பாடிவிட்டார்களா! பாட்டு எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?” என்று ஜெர்மனில் சொன்னவர், அந்த அம்மாவுக்கு உண்மையைச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

திங்களன்று பியானோ எடுக்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கீழ்வீட்டில் வெர்னன், சாந்தாக்கா சொன்னபடியே, இழுவை இல்லாமல் பழகிக்கொண்டிருந்தார்.