செபஸ்தியார் கீழத்தெருவுக்கு நடந்து போனது

ரோமாபுரிக்கு அடுத்தபடியாக, ஒரு வேதசாட்சி சொந்தக் காலால் நடந்து அருள்பாலித்த ஒரே புண்ணிய பூமி சேசுராசபுரம்தான் என்று திருவிழாக் கமிட்டி இந்த வருஷ நோட்டீஸில் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறது. நடந்தது உண்மைதான். கமிட்டியின் பேச்சைக் கேட்காமல் இறங்கி நடந்தார் என்பதற்கு மட்டும் நோட்டீஸில் இடமில்லை; கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தைரியநாதன் பொன்னாடையோடு நிற்கும் படத்துக்கே முக்கால் பக்கம் போய்விட்டது.

ஆவூர்ப் பக்கம் உள்ள இந்த ஊரில் ஜனவரி இருபதாம் தேதி சாயங்காலம் புனித செபஸ்தியாரின் சப்பரம் கோயிலிலிருந்து புறப்பட்டு, மேலத்தெருவெல்லாம் சுற்றி, தண்ணீர் டேங்கடியோடு திரும்பிவிடும். டேங்கைத் தாண்டினால் கீழத்தெரு. அங்கே உள்ளவர்கள் டேங்கடிக்கு வந்து தூர நின்று உப்பும் மிளகும் எறிந்து வேண்டிக்கொள்வார்கள். பாதி மிளகு சப்பரம் தூக்குகிறவர்களின் கண்ணில் விழும். இதற்குச் சாதி காரணம் என்று யாரும் சொன்னதே கிடையாது. தெருமுனையில் ஒரு வயர் தாழத் தொங்கியது. அதுதான் காரணம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நூறு நாள் வேலைக்குப் போகும் கீழத்தெரு சூசைமேரியின் மகள் ஏஞ்சலுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மைக்குச் செபஸ்தியாரை விட்டால் வேறு ஆள் கிடையாது. வேப்பிலையில் கிடக்கிற பிள்ளையை டேங்கடிக்குத் தூக்கி வர முடியாது என்பதால், உப்பு மிளகுத் தட்டோடு சூசைமேரி சப்பரத்தை மறித்து நின்றாள்.

"ஒரு எட்டு எங்க வாசலுக்கு வரட்டும் சார். புள்ள கண்ணால பாத்துக்கிரும்."

"வயரு தாழ்வா இருக்கு மேரி. சப்பரம் பட்டுச்சுன்னா கரண்ட் அடிச்சு நாலு பேரு போயிருவான். யாரு பொறுப்பு?" என்றார் தைரியநாதன், மைக்கிலேயே.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து தாழ்வாத்தான் இருக்கு. தாழ்வா இருக்கிறது வயரா, ஒங்க மனசா?" என்றவள், அவரை விட்டுவிட்டு மேலே பார்த்தாள். "ஏன் செபஸ்தியாரே, அத்தனை அம்பு தச்சும் சாகாம, எந்திரிச்சுப் போயி மறுபடி அம்பு விடச் சொன்ன ராசா முன்னாடியே நின்னீரே. ஒரு வயருக்கா பயந்துட்டீரு?"

புனிதர் இறங்கினார். வலது காலை முதலில் வைத்தாரா இடது காலையா என்பதில் ஊர் இன்னும் இரண்டு கட்சி. மரச் சுரூபம் என்பதால் நடையில் கொஞ்சம் கட்டில் இழுக்கிற சத்தம் இருந்தது. "புனிதரே, புரோக்ராம்ல இல்லாததைச் செய்ய வேணாம்" என்று தைரியநாதன் இரண்டு முறை மைக்கில் அறிவித்தார். வயரடிக்குப் போனதும் செபஸ்தியார் தன் விலாவில் தைத்திருந்த அம்புகளில் ஒன்றை, சோடா மூடி திறக்கிற சத்தத்தோடு உருவினார். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, அம்பு நுனியால் வயரைத் தூக்கிப் பிடித்து, சப்பரம் தூக்குகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். மிளகு விழுந்து கண் சிவந்திருந்த அவர்கள், கமிட்டியைத் திரும்பிப் பார்க்காமல் காலிச் சப்பரத்தோடு உள்ளே போனார்கள். அம்பை வயருக்கு முட்டுக்கொடுத்து அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு அவரும் பின்னால் போனார். சூசைமேரியின் வீட்டு வாசலில் நின்று காலடியில் உப்பு மிளகு வாங்கிக்கொண்டார். ஏஞ்சல் ஜன்னல் வழியே பார்த்து, "செருப்புக்கூட இல்லையேம்மா" என்றாள். மூன்றாம் நாள் அம்மை இறங்கி அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

கோயிலுக்குத் திரும்பியதும் விலா ஓட்டையைக் கமிட்டி எம்சீல் வைத்து அடைத்தது. மறு வருஷமும் அதே இடத்தில் இறங்கினார். இந்த வருஷம் நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள்: மாலை 6.20, புனிதர் இறங்குதல். அந்தரத்து அம்பில் இப்போது கீழத்தெருப் பிள்ளைகள் சீரியல் பல்பு கட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் மின்வாரிய லைன்மேன் முனியசாமி ஏணி போட்டு ஏறி வயரைப் பார்த்தார். அது மின்சார வயரே இல்லை. தைரியநாதன் வீட்டுக்குப் போகும் கேபிள் டி.வி. வயர். டிஷ் வைத்த பிறகு அவரே அதைக் கத்தரித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.