சாமி வராத திருவிழா

கோவில் திருவிழாவில் உறுமி மேளம் அதிர ஆரம்பித்தால் ஜெயாவுக்குச் சாமி வந்துவிடும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தேயிலைத் தோட்டமே அவள் வாயைப் பார்க்கும். போன வருஷம் தலைமுடி அவிழ ஆடி நின்று, "லயத்து வீட்டுக்கெல்லாம் தண்ணி வரலடா!" என்று கத்தினாள். கங்காணி வேலப்பன், "சரி தாயே, சரி தாயே" என்று காலில் விழுந்தார். அந்த வாரமே புதுக் குழாய் வந்தது. அதையே அவள் ஜெயாவாக நின்று மாதக்கணக்கில் கேட்டபோது, அவர் போனிலிருந்து தலையைத் தூக்கியதில்லை.

மற்ற நாட்களில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. தேயிலை வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடப்பார்கள். வெட்டிய இலை விழும் நீளப் பையின் வாலைப் பிடித்து அவள் பின்னால் போவாள். "ஏய் பை, சீக்கிரம்!" என்பார் கங்காணி.

ஒரு பக்கம் பிடித்திருந்த மகேஸ்வரன், ரிங்லெட் ஊரில் காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கைப்பிடியை ஜெயா கேட்டாள்.

"பொம்பளைக்கு எதுக்கு மெஷினு? பையைப் பிடிச்சா போதும்லா," என்று கங்காணி சிரித்தார்.

திருவிழா அன்று தங்கை திலகா அவளுக்கு மஞ்சள் புடவை கட்டிவிட்டுக்கொண்டே காதைக் கடித்தாள். "சாமி வரும்போது கேட்டுரு. அந்தாளு வாயத் தொறக்க மாட்டாரு."

"சாமி கேட்டு வாங்குனா, அது சாமிக்குக் குடுத்ததுடி. எனக்கு எப்பக் குடுப்பாங்க?"

"கெடைச்சா போதாதா? பைத்தியம்!"

போதாது. ஒவ்வொரு வருஷமும் உடம்பில் ஏறுவது சாமியா, வருஷம் முழுக்க விழுங்கிய பேச்சா என்று ஜெயாவுக்கே தெரியாது.

உறுமி அதிர்ந்தது. உடம்பு சிலிர்த்தது. கூட்டம் விலகி இடம் விட்டது. யாரோ வேப்பிலையை நீட்டினார்கள். ஜெயா அவிழ்ந்த கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"சாமி வரல. ஜெயாதான் பேசுறேன். கங்காணி, நாளையிலேருந்து நான் மெஷின் பிடிக்கிறேன்."

உறுமி நின்றது. வேலப்பன் கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். "சாமி சொன்னா கேக்கலாம். நீ சொன்னா?"

"அதே காதுதான கங்காணி?"

யாரோ சிரித்தார்கள். யாரோ சாமிகுத்தம் என்றார்கள். ஜெயா அம்மனுக்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். பிறகு போய்ப் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் மலைச்சரிவில், காலியான கைப்பிடியைப் பிடித்து அவள் நின்றாள். மறுபக்கம் நின்ற புனிதன் கங்காணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அக்கா, அந்தப் பக்கம் கால் வழுக்கும்."

"நீ உன் பக்கத்தப் பாரு தம்பி."

"அப்ப பையை யாரு பிடிக்கிறது?" என்று கங்காணி கத்தினார். பதிலுக்கு, கீழே இலை ஏற்றக் காத்திருந்த லோரி ஹாரன் அடித்தது. புனிதன் மெஷினைக் கிளப்பினான்.

முதல் செடியில் ஜெயா ஆழமாக வெட்டிவிட்டாள். இலையோடு குச்சியும் தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை உயர்த்தினாள். அடுத்த செடியில் தளிர் மட்டும் விழுந்தது. ஆனால் பின்னால் பை முறுக்கிக்கொண்டு, இலை தரையெல்லாம் சிந்தியது. திட்டிக்கொண்டே ஓடிவந்த வேலப்பன் அதன் வாலைப் பிடித்தார்.

"ஏய் பை..." என்று பழக்கத்தில் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பை அவர் கையில் இருந்தது.

"நேராப் பிடிங்க கங்காணி," ஜெயா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "இலை சிந்துது."