மைலோவுக்குக் கொடுத்த பிரசாதம்

...ஆறு வரி வரைக்கும் ஒன்றும் தப்பில்லை, பட்டாசு வெடித்தால் உள்ளே கூட்டி வந்து கதவைச் சாத்த வேண்டுமாம், மழையில் நனைந்தால் காதுக்குள் துடைக்க வேண்டுமாம், கால்வாய்த் தண்ணீரில் எலி மூத்திரம் இருக்கும், வாய் வைக்க விடக் கூடாதாம், கிறிஸ்துமஸ் சாக்லேட் கூடாது, வெங்காயம் கூடாது, கோழி எலும்பு கூடாது, இந்த ஷாமினி எனக்கு மகளா மாமியாரா, புருஷனோடு ஜப்பானுக்குப் பனி பார்க்கப் போகிறவள் பத்து நாளைக்கு நாயை என் தலையில் கட்டிவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் இவ்வளவு பெரிய தாளையும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், ஒட்டி நாலு நாளாச்சு, எத்தனை கரண்டி தீனி என்று பார்க்கத்தான் இன்றைக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டேன்... ஏழாவது வரி. காய்ந்த திராட்சை கூடவே கூடாது, கொஞ்சம் தின்றாலும் கிட்னி போய்விடும், உயிருக்கே ஆபத்து. என் கையில் கோயில் பொட்டலம். நாலு நாள் மழை விட்டு இன்றுதான் மார்கழி பூஜைக்குப் போய் வந்தேன், பழுப்புத் தாளைப் பிரித்து ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கலை விரலில் எடுத்துக்கூட விட்டேன், காலடியில் அவள் நாய் கோப்பி மூக்கை நீட்டிக்கொண்டு வாலை ஆட்டுகிறது. உருண்டையைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன்.

பொங்கலில் கிடந்த திராட்சையை எண்ணினேன், எதற்கு எண்ணினேன் என்று கேட்டால் தெரியாது, பதினொன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மார்கழியில் எத்தனை பதினொன்று... மைலோ. பாசார் சந்தையில் மீன் தலை பொறுக்கிக்கொண்டிருந்த பழுப்பு நாய், ஷாமினி கல்யாணத்துக்கு முன்னால் தூக்கி வந்தது, கிள்ளானில் எங்கள் லோரோங் சந்து முழுக்க அது குரைக்கிற சத்தம்தான். எனக்கு இனிப்புநீர், ஒரு வாய்க்கு மேல் பொங்கல் ஆகாது, பிரசாதத்தைக் குப்பைத் தொட்டியில் போட மனசு வருமா, பைரவர் வாகனம்தானே, அதன் வயிற்றுக்குள் போனால் பாவமில்லை என்று தினமும் அதன் தட்டில் போட்டேன், என்ன புண்ணியவதி நான்! அந்தச் சனிக்கிழமை யாரோ உபயம், நெய்யும் திராட்சையுமாய் ரெண்டு பொட்டலம் கொடுத்தார்கள், ரெண்டையும் போட்டேன், நக்கி நக்கித் தின்றது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாய்ப் பார்த்தேன். மறுநாள் வாந்தி, அதற்கு மறுநாள் ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை, செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலேயே போய்விட்டது. கிட்னி ரெண்டும் போச்சு, எதையோ தின்றிருக்கிறது, விஷமாகக்கூட இருக்கலாம் என்றார் டாக்டர்.

விஷம் என்றதும் ஷாமினிக்கு வேறு யார் ஞாபகம் வரும், பக்கத்து வீட்டுப் பழனியப்பன்தான். போர்ட் கிள்ளானில் ராத்திரி ஷிப்ட் லோரி ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனுஷன், இந்த நாய் குரைத்தே அவனைக் கொன்றது, ஒருநாள் கைலியோடு வெளியே வந்து, "அக்கா, இப்படியே கத்திக்கிட்டு இருந்தா ஒருநாள் எவனாச்சும் மருந்து வச்சிடுவான், பாத்துக்குங்க" என்று கத்தினான், அது போதாதா. ஷாமினி அவன் கேட்டைப் பிடித்து உலுக்கி, நாய்க்கு மருந்து வச்சவனே, நல்லா இருப்பியா நீ என்று அழுதாள், லோரோங்கே வேடிக்கை பார்த்தது. அவன் மனைவி அதற்குப் பிறகு தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பவில்லை, சைக்கிள் ஓட்டுகிற பொடிசுகள்கூட அவனை மருந்து அங்கிள் என்றுதான் சொல்கிறார்கள், நானும்... நானும் ஒருநாள் சொல்லவில்லையா? மீன்காரரிடம் சொன்னேன், அந்த வீட்டு ஆளிடம் ஜாக்கிரதை என்று.

போன் அடித்தது, ஷாமினிதான், பின்னால் எல்லாம் வெள்ளையாய் இருக்கிறது, மூக்கு சிவந்துபோயிருக்கிறது, அம்மா, கோப்பி சாப்பிட்டுச்சா, காட்டுங்க, காட்டுங்க. காட்டினேன். நாக்கு நுனிவரை வந்தது, ஷாமினி, உன் தாளில் ஏழாவது வரி... அவள் அதற்குள், "அம்மா, அந்த அங்கிள் கேட்கிட்ட வந்தா கோப்பிய உள்ள இழுத்துக்குங்க, அந்த ஆள நம்ப முடியாது லா" என்றாள். சரிம்மா என்றேன். எவ்வளவு சுலபமாய் வருகிறது இந்த சரிம்மா. அவளுக்கு உண்மை தெரியாது, எனக்கும் நேற்றுவரை தெரியாது, தெரியாமல் செய்தது தப்பாகுமா, தாளை ஒட்டினவள் மூன்று வருஷம் முன்னாலேயே ஒட்டியிருக்கக் கூடாதா... பார், இப்போது அவள் மேலேயே போடுகிறேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் கோப்பியைக் காணோம், திறந்து கிடந்த கதவு வழியே கேட்டுக்கு ஓடியிருக்கிறது, அந்தப் பக்கம் பழனியப்பன், குப்பைப் பையை வைக்க வந்தவன், நாய் கம்பிக்குள் மூக்கை விட்டு அவன் கைலியை முகர்கிறது. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டான், ரெண்டு அடி பின்னால் போனான், ரெண்டு கையையும் விரித்துக் காட்டினான், உள்ளங்கை தெரிய, போலீஸ்காரனிடம் காட்டுகிற மாதிரி. "நான் ஒண்ணும் போடலக்கா... அதுவா வந்துச்சு, பாருங்க, கையில ஒண்ணும் இல்ல." தலை நரைத்துவிட்டது இவனுக்கு, எப்போது நரைத்தது? இல்ல தம்பி, தெரியும் தம்பி, என்றேனா, நினைத்தேனா... தெரியும் என்றால் எப்போதிலிருந்து? மைலோவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக் கிளினிக்கில் டாக்டர் புனிதா என்னைத்தானே கேட்டார், "ஆன்டி, வீட்டுச் சாப்பாடு, இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று, பக்கத்தில் ஷாமினி நின்றாள், இல்லை டாக்டர், பிஸ்கட்டும் கோழிச்சோறும்தான் என்றேன். மறந்துபோய்ச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே... மறந்தவள், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதற்காக மைலோவின் அந்தத் தட்டைத் தேய்த்துக் கழுவினேன்?