பதினொரு வைக்கோல்

1999 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல் மரியநாதபுரத்தில் காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், வியாகுலம்மாள் தன் இன்ஹேலரைக் கணவரிடம் கொடுத்தார். அம்மாளுக்கு வயது ஐம்பத்தேழு. ஆஸ்துமா வந்து இருபத்திரண்டு ஆண்டுகள்.

கணவர் செபஸ்தியான், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கு மாஸ்டர். வாழ்நாளில் அவருக்கு வந்த பெரிய நோய் சேற்றுப்புண். இப்படிப்பட்டவர்களிடம்தான் உடல்நலம் பற்றி அசைக்க முடியாத கருத்துகள் இருக்கும். ஓய்வுபெற்ற மறுமாதம் மூன்று புத்தகங்கள் வாங்கி, அவற்றில் ஒன்றரையைப் படித்து முடித்து, பனிக்கால இயற்கை நலவாழ்வு மன்றம் என்று ஒன்றைத் தொடங்கினார். பேகம்பூர் போகும் சாலையில் ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டம் நடக்கும். உறுப்பினர்கள், மனைவியையும் சேர்த்து, பதினொரு பேர்.

கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை மன்றத்துக்கு விதிகள் உண்டு. விடியலில் பச்சைத் தண்ணீரில் குளியல், நல்லெண்ணெய் கொப்பளிப்பு, வெறும் வயிற்றில் தூதுவளைச் சாறு, முளைகட்டிய பயறு, ராத்திரி முழுக்கத் திறந்த ஜன்னல். சிறுமலைப் பக்கமிருந்து இறங்கும் பனியை நெஞ்சைத் திறந்து வரவேற்க வேண்டும் என்று, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மாஸ்டர் விளக்குவார்.

தூதுவளையும் இஞ்சியும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வியாகுலம்மாள் வைக்கும் தூதுவளை ரசத்தைச் சளி பிடித்த நாளில் தெருக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். மாஸ்டரின் கொள்கை ரசத்தோடு நிற்கவில்லை. இருமலும் காய்ச்சலும் உடம்பு கழிவை வெளியேற்றும் வழி. மாத்திரை அந்த வழியை அடைக்கும் மூடி. நோய் குறைந்தால் இயற்கை வென்றது. கூடினால் கழிவு வெளியேறுகிறது. தோற்கவே முடியாத ஆட்டம். முப்பது வருஷம் தோற்ற அணிகளுக்கே விசில் ஊதியவருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

மன்றத்தின் பெரிய சாட்சி வியாகுலம்மாள். "இருபது வருஷ இழுப்பு. ரெண்டு பனிக்காலமா இங்கிலீஷ் மருந்து கெடையாது," என்று மாஸ்டர் மனைவியைச் சுட்டிக்காட்டுவார். அவர் எழுந்து கும்பிட்டு உட்காருவார். அந்த இரண்டு பனிக்காலமும் இன்ஹேலர் அரிசி டிரம்முக்குள் இருந்தது. மண்டபத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெகபர் அலிதான் அது தீரத் தீரப் புதியது கொடுத்தவர்.

"மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னக்கா செய்வீக?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"அவரு என்னைக்கு அரிசி களைஞ்சாரு, தெரியிறதுக்கு? அவருட்ட சொல்ற பொய்யி பாவசங்கீர்த்தனத்துல ஒரு வரி. சாமியாரு மூணு மங்கள வார்த்த மந்திரம் சொல்லச் சொல்வாரு. முடிஞ்சு போச்சு."

அந்த வருஷம் மாஸ்டருக்குப் புது யோசனை வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒன்றை விட்டுவிடுவதாகப் பாலன் இயேசுவுக்கு வாக்குக் கொடுத்து, குடிலில் பாலன் படுக்கும் தீவனத் தொட்டியான முன்னணையில் ஒரு வைக்கோல் வைப்பார்கள். பிள்ளைகள் மிட்டாயை விடுவார்கள், ஆண்கள் பீடியை. வைக்கோல் சேரச் சேரப் பாலனுக்குப் படுக்கை மெத்தென்றாகும். மாஸ்டர் இதை மன்றத்துக்குக் கொண்டுவந்தார். மண்டபத்தில் ஒரு சின்ன முன்னணை வைத்து, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மருந்தை விட்டு ஒரு வைக்கோல் வைக்க வேண்டும் என்று அறிவித்தார். அந்த ஞாயிறு மதியம் பதினொரு வைக்கோல் விழுந்தன. சங்கிலி என்ற இரும்புக்கடைக்காரர் தலைவலி மாத்திரையை விட்டார். இன்னாசியம்மாள் பிரஷர் மாத்திரையை விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வியாகுலம்மாளுக்குச் சிக்கல் இங்கேதான். கணவரிடம் பொய் சொல்லலாம். பாலனிடம் சொல்ல முடியாது. அதனால்தான் அன்று காலையே அரிசி டிரம் காலியானது. கைக்கு வந்த இன்ஹேலரைப் பழைய மிச்சம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

முதல் வாரம் தாங்கியது. இரண்டாவது வாரம் படுத்தால் மூச்சு விட முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். பச்சைத் தண்ணீர்க் குளியலும் திறந்த ஜன்னலும் தொடர்ந்தன. மாஸ்டர் தூதுவளைச் சாற்றை இரண்டு வேளையாக்கினார். அதுதான் அவர் மனைவிக்காகச் செய்த மருத்துவம். அரைத்தது அவர் இல்லை.

வியாழக்கிழமை வியாகுலம்மாள் காய்கறி வாங்கிவிட்டு வரும்போது மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெகபர் அலி பதறினார். "அக்கா, நெஞ்சு விசிலடிக்குது. இந்தாங்க, அடிங்க."

"வேணாம் தம்பி. வைக்கோலு வச்சிட்டேன்."

"பச்சப்புள்ள ஒங்க மூச்ச வாங்கியா மெத்த தைக்கும்? எங்க வீட்ல எம் மக இஃப்பத்துக்கும் இழுப்புதான். நோம்புல முடியலன்னா விட்டுட்டு, ஒடம்பு தேறுனதும் பிடிக்கிறா. சீக்காளிக்கு எங்கள்ல எளக்கம் இருக்கு. ஒங்கள்ல இல்லியா?"

"இருக்கும். நான் கேட்டதில்ல."

"யாரக் கேக்கணும்? சாமியாரயா, மாஸ்டரயா?"

 வியாகுலம்மாள் வெஞ்சனத்துக்கு வாங்கிய கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு, வீடு வரும்வரை நான்கு இடத்தில் நின்று நின்று போனார்.

டிசம்பர் 19, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பனிக்காலச் சிறப்புக் கூட்டம். வத்தலக்குண்டிலிருந்துகூட நான்கு பேர் வந்திருந்தார்கள். மாஸ்டர் சலவைச் சட்டையில் இருந்தார். மனைவியை முன்வரிசையில் உட்காரவைத்து, "இவுங்க இன்னைக்கு ஒங்களோட பேசுவாங்க," என்றார்.

வியாகுலம்மாள் எழுந்தார். வாயைத் திறந்தார். "எல்லாருக்கும்" என்ற ஒரு சொல் பாதியில் நின்றது. தோள்கள் ஏறி இறங்கின. உதடு கறுத்திருந்தது. பின்வரிசைக்கும் அந்த விசில் கேட்டது.

இன்னாசியம்மாள், "மாஸ்டர், அக்காவுக்கு முடியல," என்றார்.

"யாரும் பயப்படக் கூடாது," என்று மாஸ்டர் கையை உயர்த்தினார். "நல்லாக் கேளுங்க. இருபது வருஷம் உள்ள அடைஞ்ச கழிவு. அது இன்னைக்கு வெளியேறுது. ஒங்க கண்ணு முன்னாடி!"

வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

வியாகுலம்மாள் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு வரிசை நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு நடந்தார்.

"பாருங்க, தானாவே நடக்குறாங்க. ஒடம்பு நடையக் கேக்குது," என்றார் மாஸ்டர்.

எதிரே, கடையிலிருந்து ஜெகபர் அலி ஓடிவந்து கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தி, பெஞ்சில் உட்காரவைத்தார். இன்ஹேலரைக் குலுக்கிக் கொடுத்தார். வியாகுலம்மாள் ஒரு முறை இழுத்தார், பொறுத்து இன்னொரு முறை. மண்டப வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பத்து நிமிஷத்தில் பேச்சு வந்தது.

"ஆட்டோ சொல்லிட்டேன்க்கா. டாக்டர்ட்ட போயி மருந்து ஆவி வச்சாத்தான் அடங்கும்."

"செத்த பொறு, தம்பி."

அவர் எழுந்து மறுபடி சாலையைக் கடந்தார். கூட்டம் வழிவிட்டது. முன்னணைக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு வைக்கோலை எடுத்தார்.

"ஏய், அது நேர்ச்சை!" என்று மாஸ்டர் மேடையிலிருந்தே கத்தினார்.

"நான் வச்சது, நான் எடுக்கிறேன். பாலன் ஒண்ணும் சொல்லல. நீங்க எதுக்குக் கத்துறீக?"

"வந்தவுக முன்னாடி என் மானம் போகுது, வியாகுலம்."

"என் மூச்சு போச்சே, அப்ப கைதட்டு வாங்குனீக." அவர் வைக்கோலை முந்தானையில் முடிந்துகொண்டார். "மதியச் சோத்துக்கு முளைகட்டின பயறு இருக்கு. தின்னுங்க."

ஆட்டோ கிளம்பியது. மாஸ்டர் இன்னும் நாற்பது நிமிஷம் பேசினார். தலைப்பு, பனிக்காலமும் நுரையீரலும்.

வியாகுலம்மாளுக்கு மருத்துவமனையில் இரண்டு தடவை ஆவி வைத்தார்கள். மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்ஹேலர் அடுப்படி அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. ஜன்னலை அவரே சாத்தினார்.

கூட்டம் நடந்த அந்த ஞாயிறு மதியம் மண்டபத்தைப் பூட்டியபோது, முன்னணையில் பதினொன்றில் ஆறு வைக்கோல்தான் இருந்தன.