முள் விழும் இடம்

விளக்குக் கம்பம் நிற்கிற மொட்டைப் பாறையைத் தாண்டியதும் ஆயில் பிரஷர் முள் மூன்றிலிருந்து சடாரென்று ஒன்றுக்குக் கீழே விழுந்தது. நேற்றும் இதே இடம்தான். முந்தாநாளும் இதே இடம்தான். பெரினா ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறுகை விரலால் மீட்டரின் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தாள். முள் நடுங்கியதே தவிர ஏறவில்லை.

"சுண்டினா ஏறிடுமா? எஞ்சின் செத்துக்கிட்டிருக்கு, நீ கன்னத்துல தட்டி எழுப்புற," என்றான் தம்பி பெப்போ.

அவள் எஞ்சினை அணைத்தாள். பிரஷர் இல்லாமல் ஓடுகிற எஞ்சின் தன்னைத்தானே தின்னும். பாய் மட்டும் காற்றைப் பிடித்து இழுக்க, படகு சாய்ந்தபடி காப்ரியே தீவை நோக்கி ஊர்ந்தது.

படகு இருவருக்கும் பொது. கோடையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு குளிக்கத் தோதான குடாக்களுக்குப் போவதுதான் பிழைப்பு. ஷிபெனிக் நகரத்துக் கப்பல் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் பெரினா. போன குளிர்காலத்தில் அந்த டீசல் எஞ்சினை அவளே பிரித்து, புது பேரிங் போட்டு மூட்டினாள். அதுவரை இருந்தது, பிரஷர் விழுந்தால் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு மட்டும். அது போதாதென்று முள் வைத்த மீட்டரையும் அவள்தான் பொருத்தினாள்.

"வெளக்கு இருந்தப்ப நிம்மதியா இருந்தோம். நீ முள்ளு வெச்சே, வயித்துல குத்துது," என்றான் பெப்போ. "நாளைக்குக் கிரேன்காரன்கிட்ட சொல்லியாச்சு. எஞ்சினத் தூக்கிப் பாத்துரலாம். பேரிங் போயிருக்கும்."

"நான் போட்ட பேரிங் போகாது."

"முள்ளுகிட்ட சொல்லு."

ஜூலையில் வெளியே தூக்குகிற எஞ்சின் ஆகஸ்டு முடிகிற வரை உள்ளே இறங்காது. பட்டறையில் அத்தனை கூட்டம். கோடை போச்சு. அதைவிட, நாலு ஆண்கள் எஞ்சினைச் சுற்றி நின்று, "பொம்பள மூட்டினதா?" என்று கேட்பதை நினைத்தால் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

ஆனாலும் ஒன்று இடித்தது. பேரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் சுட்டு இளகும்போதெல்லாம் முள் இறங்க வேண்டும். காலையில் தீவிலிருந்து சந்தைக்குப் போகும்போதும் எஞ்சின் இதே சூடுதான். அப்போது முள் ஆடாமல் நின்றதே? எண்ணெய்க்கு இந்தப் பாறையிடம் என்ன பகை?

எஞ்சினை மறுபடி கிளப்பினாள். முள் ஒன்றைத் தொடவே தயங்கியது. அவள் படகைச் சுழற்றி வந்த வழியே திருப்பினாள்.

"அக்கா, வீடு அந்தப் பக்கம்."

"எனக்கு வழி தெரியும். முள்ளப் பாரு."

பாய் தடாலென்று மறுபுறம் விழுந்தது. முள் விறுவிறுவென்று மூன்றுக்கு ஏறியது. திரும்பவும் தீவுப் பக்கம் திருப்பினாள். முள் விழுந்தது. பட்டென்று அணைத்தாள்.

பெப்போ சிலுவை போட்டுக்கொண்டான். "பாறைல ஏதோ இருக்கு. அந்தக் காலத்துல ஒருத்தன் முங்கிச் செத்தான்னு சொல்லுவாங்க."

"செத்தவனுக்கு நம்ம பிரஷர் எதுக்குடா?"

அப்போதுதான் தக்காளியைப் பார்த்தாள். சந்தைப் பையிலிருந்து நழுவிய ஒரு தக்காளி, திருப்பியபோது தரையில் உருண்டு வலப்பக்கம் போய் முட்டியிருந்தது. இப்போது மெல்ல இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது.

"சாய்வு," என்றாள். "காலைல காத்து கெடயாது, சாயாம போறோம். மத்தியானக் காத்து வலப்பக்கத்துலருந்து வருது. பாறையத் தாண்டினதும் மறைப்பு இல்ல, படகு இடப்பக்கம் படுக்குது. எண்ணெ மொத்தமும் அந்தப் பக்கம் ஓடுது. எஞ்சினுக்கு அடியில எண்ணெ உறிஞ்சற குழா வலப்பக்கம் இருக்கு, நானே பாத்தேன். அது காத்தக் குடிக்குது."

"நீ சொல்றது சரின்னா எண்ணெ கம்மியா இருக்கணும். தினம் காலைல அளவுக்கம்பிய உருவிப் பாத்து மேல்கோடு வரைக்கும் இருக்குனு சொல்றது யாரு? நானா?"

அவளேதான் பார்த்தாள், தன் கண்ணால்.

மறுநாள் காலை வழக்கம்போல் காப்பிக் கூட்டம் கூடியது. முன்பெல்லாம் படகு பின்பக்கத்தைத் துறைக்குக் காட்டி நிற்கும், காப்பிக்கு வருகிறவர்கள் துறைக் கல்லில் உட்காருவார்கள். இந்த வசந்தத்தில் அந்தத் துறையைத் தோண்டிப் போட்டதிலிருந்து படகு வலப்பக்கத்தைக் கரையோடு ஒட்டிக் கட்டிக்கிடக்கிறது. கூட்டமும் கல்லை விட்டுப் படகில் கரையோரமாக இருக்கிற மெத்தைக்கு மாறிவிட்டது. மெத்தையில் பாதியை ஃப்ரானே அண்ணன் நிறைத்தார். ஃபெர்ரியில் கயிறு பிடித்து ஓய்வு பெற்றவர், வயிறு மட்டும் ஓய்வே எடுக்கவில்லை. மீதியில் கடைக்காரி தோமினா, அவள் புருஷன், பெப்போ.

"எஞ்சினுக்கு இன்னிக்கி ஆபரேசனாமே?" என்றாள் தோமினா.

"நோயாளி பொழைக்கும். டாக்டருதான் சந்தேகம்," என்றார் ஃப்ரானே.

"வாயில காப்பிய ஊத்துண்ணே, சத்தம் கொறையும்," என்று கீழே எஞ்சினை மூடியிருந்த படிக்கட்டு மறைப்பைக் கழற்றிக்கொண்டே பெரினா கத்தினாள். அளவுக்கம்பியை உருவினாள். துடைத்தாள், விட்டாள், மறுபடி உருவினாள். மேல்கோடு. தினமும் போலவே.

ஃபெர்ரி ஊதியது. தீவில் ஃபெர்ரி ஊதினால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். யார் வந்திறங்குகிறார்கள் என்று பார்க்காவிட்டால் பகல் முழுக்கச் சோறு இறங்காது. நாலு பேரும் கோப்பையோடு கரையேறினார்கள். படகு பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது.

பெரினாவின் முட்டி அந்த நிமிர்வை உணர்ந்தது. கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். துடைத்தாள். எண்ணெய் அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். விட்டு உருவினாள்.

கீழ்க்கோட்டுக்கும் கீழே, கம்பியின் நுனியில் மட்டும் ஒரு பொட்டு எண்ணெய்.

"எல்லாரும் திரும்பி வாங்க!"

"இருடி, அந்த ஸாக்ரெப் பட்டணத்துக்காரி எறங்குறா. கூட புது ஆளு," என்றாள் தோமினா.

"வந்து உக்காருங்கன்னா உக்காருங்க! ஃப்ரானே அண்ணே, நீ மொதல்ல!"

உட்கார்ந்தார்கள். மேல்கோடு.

"எந்திரிங்க!"

எழுந்தார்கள். பொட்டு.

"ஞாயித்துக்கிழம பூசைல கூட இத்தன வாட்டி எந்திரிச்சு உக்காரல," என்றார் ஃப்ரானே. பெரினா படிக்கட்டில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெப்போ எட்டிப் பார்த்தான்.

"கம்பி வலப்பக்கம் இருக்குடா," என்றாள், மூச்சு வாங்க. "நீங்க நாலு பேரும் வலப்பக்கம் உக்காந்து படகச் சாய்க்கிறீங்க, உள்ள இருக்கற கொஞ்ச எண்ணெயும் கம்பிகிட்ட வந்து நிக்குது. வசந்தத்துலருந்து நான் அளந்தது எண்ணெய இல்ல, ஃப்ரானே அண்ணன. எஞ்சின் தினம் ஒரு வாய் குடிச்சிருக்கு. நான் நெறஞ்சிருக்குனு ஒரு சொட்டு ஊத்தல. தப்பு என்னுதுதான்."

எல்லோரையும் கரையில் நிறுத்திவிட்டு எண்ணெய் ஊற்றினாள். ஒரு டப்பா போதும் என்று நினைத்தாள். இரண்டாவதிலும் பாதி போனது. எஞ்சினைக் கிளப்பி, திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். பேரிங் தேய்ந்தால் கேட்கிற தட்டல் இல்லை. விழுந்த ஒவ்வொரு முறையும் உடனே அணைத்ததால் தப்பியது.

"கிரேன்காரன் காத்திருப்பான்," என்றான் பெப்போ.

"காத்திருக்கட்டும். காத்து வரட்டும்."

மதியம் காற்று எழுந்ததும் இருவரும் பாறையைத் தாண்டினார்கள். படகு இடப்பக்கம் படுத்தது. பெப்போ பாய்க் கயிற்றைக்கூட மறந்து மீட்டரையே பார்த்தான். முள் மூன்றில் நின்றது. பெரினா பாயை இன்னும் இறுக்கினாள். படகின் ஓரம் தண்ணீரைத் தொட்டது. முள் அசையவில்லை.

பெப்போ கைபேசியை எடுத்தான். "இன்னிக்கி வரல. நாளைக்கும் வரல. ...இல்ல, பேரிங் நல்லாத்தான் இருக்கு. எங்க அக்கா போட்டது." கொஞ்சம் கேட்டான். பிறகு கைபேசியை நெஞ்சில் பொத்திக்கொண்டு திரும்பினான். "கோளாறு என்னனு கேக்குறான்."

"காப்பின்னு சொல்லு," என்றாள் பெரினா.