நீலத் தொப்பி யாருக்கு

1

இந்தக் கதை ஓர் அறிவிப்பாகத்தான் பிறந்தது. சங்கத்தின் ஆண்டு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'உறுப்பினர்களின் சொந்த விவரங்களை நாம் எப்படிப் பாதுகாக்கிறோம்'. தூக்கம் வராதவர்களுக்கு உதவக்கூடிய தலைப்பு. எழுத உட்கார்ந்தேன், கதையாகிவிட்டது. என் கைராசி அப்படி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நான் ஒருமுறை எழுதிய புகாரைப் படித்து அதிகாரி தேம்பி அழுதார். தண்ணீர் மட்டும் வரவில்லை.

சங்கம் என்றால் நீச்சல் சங்கம். வயது ஏறிய பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள வெட்கத்தை விட்டு வந்தவர்கள் கூடி நடத்துவது. சம்பளம் வாங்குபவர் ஒருவரும் கிடையாது. ஞாயிறு காலையில் பொது நீச்சல் குளத்தை எங்களுக்கு விடுவார்கள், பிள்ளைகளையும் கூட்டி வரலாம். நான் மனைவி சொல்லிச் சேர்ந்தேன். "மூழ்கினா தேடுறதுக்கு ஒரு சங்கமாவது இருக்கட்டும்" என்றாள். முதல் நாள் நான் இறங்கி ஏறியதும் குளத்தில் தண்ணீர் முக்கால்வாசிதான் இருந்தது. மீதியைக் குடித்தது நான்.

ஒரு நிபந்தனை. செயலாளர் படித்துப் பார்த்த பிறகே இது அச்சுக்குப் போகும். அடைப்புக்குறிக்குள் வருபவை அவருடைய பென்சில் குறிப்புகள். நான் அழிக்கவில்லை. மரியாதையால் அல்ல, பயத்தால்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பச்சை கேட் போட்ட அந்த வீட்டின் மாடியில் செயலாளர்—'

(கேட் எதுக்கு?)

இரண்டாம் முயற்சி: 'கணவரைப் பிரிந்து பல வருடங்களாக—'

(இது எதுக்கு?)

இப்படிக் கேட்டுக் கேட்டே அவருக்கு 'எதுக்கு அக்கா' என்று பெயர் விழுந்தது. என் மகள் வயதுதான். ஆனாலும் எனக்கும் அக்கா. பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை. ஊராரின் பத்திரம், மதிப்பெண் பட்டியல், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவர் கைவழியே போகும். நகல் வெளியே வந்ததும் தாளைக் கவிழ்த்து வைப்பார், அப்படியே கவிழ்த்துத்தான் நீட்டுவார். சொந்த அண்ணனின் கல்யாணப் பத்திரிகையை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, கல்யாணம் எப்போது என்று அண்ணனிடமே கேட்டவர்.

(பொய். ஆனா இருக்கட்டும்.)

3

வினை தலைவரால் வந்தது. அவர் ஓய்வுபெற்ற நில அளவையர். வரைபடத்துக்கு வண்ணம் தீட்டியே வாழ்க்கையைக் கழித்ததால் எதற்கும் ஒரு நிறம் கொடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உறுப்பினர் படிவத்தில் நோய் விவரம் கேட்டிருந்தோம். அதைக் கரையில் விசிலோடு உட்காருபவர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் யோசித்தார். யோசனையில் குற்றமில்லை. செய்ததுதான் குற்றம். இதயக் கோளாறுக்குச் சிவப்புத் தொப்பி, சர்க்கரைக்கு மஞ்சள், வலிப்புக்கு நீலம், ஒன்றுமில்லாதவருக்கு வெள்ளை. எந்த நிறம் எதற்கு என்பது பரம ரகசியம்.

தொப்பிகளைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தது அக்கா. அன்று ஏனோ அவர் 'எதுக்கு' என்று கேட்கவில்லை.

(கேட்டிருக்கணும்.)

பரம ரகசியம் அடுத்த ஞாயிறுவரை தாங்கியது. மஞ்சள் தொப்பிக்காரர்கள் எல்லாரும் பிஸ்கட்டை வேண்டாம் என்றார்கள். சிவப்புத் தொப்பிக்காரர்கள் படியேறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளைப் போல நடமாடினார்கள். அதிலும் மரக்கடை முதலாளி இருக்கிறாரே, தொப்பியைக் கழற்றாமலே வீடு வரைக்கும் போனார். கடையிலிருந்து வந்த தொப்பிப் பெட்டியில் நீலம் ஒன்று இருந்தது எல்லாருக்கும் தெரியும், அதை இன்னும் யாரும் தலையில் பார்க்கவில்லை. படிவத்தில் கேட்ட நோய்களில் மிஞ்சியது வலிப்பு ஒன்றுதான். உடை மாற்றும் அறையில் ஒரே பேச்சு: நீலம் யாரு?

4

நீலம் சலூன்காரர்.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். இப்படி ஒருவர் இருப்பார் என்று நம்ப முடிகிறதா? சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. பிறகு வரவில்லை. வேலைக்குத் தடையில்லை, தண்ணீரில் மட்டும் தனியாக இறங்காதே என்றார் மருத்துவர். அவருடைய சின்ன மகள் மீன்குஞ்சு போல நீந்துவாள், 'அப்பா வா' என்று கூப்பிடுவாள். அதற்காகச் சேர்ந்தவர். படிவத்தில் உண்மையை எழுதியவர். பொய் எழுதியிருந்தால் வெள்ளைத் தொப்பியோடு நிம்மதியாக இருந்திருப்பார்.

அவர் கவரோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்துவிட்டு, கவரை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா, கத்தியோட நிக்கிறவன் நான். இதை ஒரு தடவை தலையில போட்டா, அப்புறம் எவன் என்கிட்ட கழுத்த நீட்டுவான்?"

அக்கா கவரை அப்படியே இழுப்பறைக்குள் வைத்தார்.

"வராமலே இருந்துடறேன். சளின்னு சொல்லிக்கிறேன்."

"எத்தனை வாரத்துக்கு சளி பிடிக்கும் உங்களுக்கு?"

"பாப்பா நீச்சலை மறக்குற வரைக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. வராதவர் யார் என்று எண்ணிப் பார்க்க மரக்கடை முதலாளிக்கு இன்னும் ஒரு ஞாயிறு போதும் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளைத் தொப்பியை மாற்றிக் கொடுத்தால் விசில்காரர் கவனிக்க மாட்டார். விசில்காரரிடம் மட்டும் காதோடு சொல்லலாம் என்றால், விசில் வாரம் ஒருவர் கைக்கு மாறுகிறது. அத்தனை காதுகளில் ஒன்று நிச்சயம் மரக்கடையில் திறந்திருக்கும்.

அன்று அக்கா இரண்டு வேலை செய்தார். தன் கையால் வாங்கி வைத்த படிவங்களை எடுத்து, நோய் விவரம் இருந்த பகுதியை மட்டும் கத்தரித்து, அந்தந்த உறுப்பினரிடமே திருப்பிக் கொடுத்தார். 'நீங்களே கவர்ல போட்டு, ஒட்டி, குறுக்க கையெழுத்து போட்டுக் குடுங்க. முங்கினாத்தான் பிரிப்போம். வருஷக் கடைசியில அப்படியே உங்க கைக்கே வந்துடும்' என்றார். பிறகு, 'இந்த ஞாயிறு சளி வேண்டாம்' என்று சலூன்காரரிடம் சொல்லிவிட்டு, தொப்பிக் கடைக்குப் போனார்.

5

ஞாயிறு. குளத்துக் கரை பெஞ்சில் வரிசையாகத் தொப்பிகள். எல்லாம் நீலம்.

தலைவருக்கு முகம் சிவந்தது. அந்தச் சிவப்புக்கு அவருடைய அட்டவணையில் இடமில்லை.

"எல்லாருக்கும் நீலம்னா, இதுல யாருக்கும்மா வலிப்பு?"

"தெரியாது சார்."

"அப்ப விசில்காரர் யாரைப் பார்ப்பாரு?"

"எல்லாரையும் பார்க்கட்டும். வேற எதுக்கு உட்கார்ந்திருக்காரு?"

விசில்காரர் கைப்பேசியை மெல்லப் பைக்குள் வைத்தார்.

ஆனால் முதலில் யார் போட்டுக்கொள்வது? போட்டால், 'நீலம் இவருதானா' என்று ஊர் பேசும். உண்மையான நீலத்துக்காரர் போடவே மாட்டார். மற்றவர்களுக்கோ எதற்கு வம்பு என்று தயக்கம். பெஞ்ச் அப்படியே இருந்தது. அக்கா ஈரத் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை, பழக்கதோஷத்தால், கவிழ்த்து வைக்க ஏதாவது தாளைத் தேடியது.

அப்போது நான் கம்பீரமாக எழுந்து—

(பொய். நீங்க கழிப்பறையில இருந்தீங்க.)

அப்போது மரக்கடை முதலாளி எழுந்தார். ஆம், அவரேதான். இந்தப் பாத்திரத்தை நான் வில்லனாக வளர்த்துக்கொண்டு வந்தேன், அவர் ஒத்துழைக்கவில்லை. வெள்ளையைக் கழற்றி இடுப்பில் சொருகினார். நீலத்தை எடுத்துத் தலையில் இழுத்து மாட்டினார்.

"இனிமே நீலம் யாருன்னு எவனாவது கேட்டா, நான்தான்னு சொல்லுங்க. மரக்கடையில வந்து கேக்கட்டும்."

பிறகு ஒவ்வொரு கையாக நீண்டது. சிவப்பும் மஞ்சளும் பெஞ்சுக்கடியில் விழுந்தன. கடைசித் தொப்பியை எடுத்தவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் தண்ணீரிலிருந்து 'அப்பா வா' என்றாள். எங்களில் பாதிப் பேர் யாருக்காவது அப்பாதான்.

நான் கழிப்பறையிலிருந்து வந்து பார்த்தபோது குளம் முழுக்க நீலத் தலைகள். எழுபது வருடத்தில் எதன் உறுப்பினராகவும் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

6

முடிவு ஒன்று: சலூன்காரருக்கு நடுக்குளத்தில் வலிப்பு வர, எல்லாரும் பாய்ந்து—

(நடக்கல.)

முடிவு இரண்டு: பின்னொரு ஞாயிறு ஒருவர் சத்தமில்லாமல் முங்கினார். எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த விசில்காரர் உடனே பார்த்தார், இழுத்துப் போட்டார். உயிர் தங்கியது. ஒட்டிய கவர்களில் முதலும் கடைசியுமாக அவருடையதைப் பிரித்தோம். உள்ளே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. பழைய முறைப்படி அவருக்கு வெள்ளைத் தொப்பி. யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

(இது நடந்தது. யாருன்னு போடாதீங்க.)

போடவில்லை. மனைவி மட்டும் இப்போதெல்லாம் சங்கத்தைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறாள்.

7

அரைப் பக்கம் நீண்டுவிட்டது. அக்காவிடம் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாம் சரி. இவ்வளவு பாதுகாத்துட்டு, சலூன்காரர்னு நீங்களே அச்சுல போட்டா எப்படி?"

சொன்னேன்: சலூன், மகள், கத்தி எல்லாம் நான் மாட்டிவிட்ட தொப்பிதான் அக்கா. உள்ளே இருக்கும் தலை பல் மருத்துவருடையதாக இருக்கலாம், தையற்காரருடையதாக இருக்கலாம், தலைவருடையதாகக்கூட இருக்கலாம். நீலம்கூட நீலமில்லை.

அவர் பென்சிலை எடுத்தார், யோசித்தார், காதில் சொருகிக்கொண்டார். அதுதான் கையொப்பம்.

எனவே முடிவு உங்களிடம். நாளை யாரோ ஒருவரிடம் நீங்கள் கழுத்தையோ வாயையோ கையையோ நம்பி நீட்டுவீர்கள். அந்த அறையில், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு நீச்சல் தொப்பி காய்ந்துகொண்டிருக்கலாம். 'எங்க சங்கத்துத் தொப்பி' என்று அவர் பெருமையாகச் சொல்லவும் கூடும். அதற்கு மேல் ஏதாவது கேட்கத் தோன்றினால் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: எதுக்கு?