ஈடாக வைத்த ரேஷன் கார்டு

ஹாலாஸ்யத்தைக் கெட்ட மனிதர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அந்த மாசி மாதம் அவர் செய்த காரியத்தை நல்ல காரியம் என்று யாராவது சொன்னாலும் சண்டைக்குத்தான் வருவேன். எமர்ஜென்ஸி முடிந்த மறு வருஷம் அது.

மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில் அவருக்கு வீடு. ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் பழைய கறுப்பு அம்பாசடர் ஒன்றை வாங்கி, தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் கிடையாது. ஓட்டத் தெரிந்தவர்கள் லைசென்ஸைக் காட்டி எடுத்துப் போகலாம். வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். அது போக, வண்டி எடுப்பவர் தன் வீட்டு ரேஷன் கார்டை அவரிடம் ஈடாக வைக்க வேண்டும். வண்டி பழுதில்லாமல் வந்தால் கார்டு அப்போதே திரும்பிப் போகும்.

ரேஷன் கார்டு எதற்கு, ரொக்கமாக டெபாசிட் வாங்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பணமா வாங்கினா எனக்குக் கை அரிக்கும். செலவாயிடும். கார்டை நான் என்ன பண்ண முடியும்? பிடிச்சு வெச்சுக்கறது வேற, எடுத்துக்கறது வேற" என்பார். இந்த நியாயத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஊரில் தன்னைப் போல நேர்மையாக வண்டி விடுகிறவன் எவனும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

முனிச்சாலையிலிருந்து சௌரிராஜன் வந்து வண்டி கேட்டார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் மகள் வசுந்தராவைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்திருந்தது. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கூட்டிவரப் பயம். மாப்பிள்ளை நாகசுப்பிரமணியனுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் உண்டு. மாமனாரும் மாப்பிள்ளையும் விடியற்காலையில் வந்து, வாடகையைக் கொடுத்து, கார்டையும் கொடுத்து, வண்டியை எடுத்துப் போனார்கள். ஹாலாஸ்யம் பல் விளக்கிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். வண்டியை அனுப்பும்போது அவர் சுற்றிப் பார்ப்பது வழக்கமில்லை. திரும்பி வரும்போதுதான் பார்ப்பார்.

பெண்ணை வீட்டில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் இருவரும் வண்டியோடு வந்தார்கள். ஹாலாஸ்யம் சுற்றி வந்தார். பின்பக்கம் இடது மட்கார்டில் ஒரு நசுங்கல். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் உரிந்திருந்தது.

"எங்கயும் இடிக்கல சார். புள்ளத்தாச்சி உள்ள இருக்கான்னு அம்புட்டு மெதுவாத்தான் வந்தேன். மீனாட்சி சத்தியமா இடிக்கல" என்றார் நாகசுப்பிரமணியன்.

"நான் உங்களைக் குத்தம் சொல்லலையே. டிங்கர் வந்து பார்க்கட்டும், என்ன ஆகும்னு சொல்லுவான். அதுவரைக்கும் கார்டு இங்க இருக்கட்டும். ஒரு பைசா நான் கேக்கலை பாருங்கோ" என்றார் ஹாலாஸ்யம்.

சௌரிராஜன் நசுங்கலைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஹாலாஸ்யமும் கவனித்தார். குடும்பத்து விஷயம், நமக்கென்ன என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

டிங்கர் உக்கிரபாண்டி மறுநாள் வரவில்லை. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் போயிருந்தான். மதுரையில் பாதிப் பேர் அப்படிப் போய்விடுவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது அந்தச் சாமிக்கே தெரியாது. கார்டு ஹாலாஸ்யத்தின் அலமாரியில் கிடந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் சௌரிராஜனின் மனைவி சீதாலட்சுமி வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றாள். கையில் காலி மண்ணெண்ணெய் டின்.

"சார், எங்க ரேஷன் கடையில சீமெண்ணெ வந்திருக்கு. கார்டைக் கொஞ்ச நேரம் குடுத்தீங்கன்னா வாங்கிட்டு, மறுபடி இங்கயே கொண்டாந்து வச்சுட்டுப் போயிடுறேன். விறகுப் புகை மகளுக்கு ஒத்துக்கல. ராவெல்லாம் இருமுறா."

ஹாலாஸ்யத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "கார்டு கையை விட்டுப் போயிட்டா அப்புறம் அது ஈடு வெச்சதா ஆகுமாம்மா? இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பா. டிங்கர் வந்துடட்டும்."

"எங்க கார்டுதானே சார்."

"உங்க கார்டுதான். யார் இல்லேன்னா?"

அவள் டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்யாமளா புருஷனிடம், "அவா பொருளையே அவா இரவல் கேட்டு வந்திருக்கா. அதுக்கும் மாட்டேன்னுட்டேளே" என்றாள். ஹாலாஸ்யம் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து ஒரு காலையில் வண்டியைச் சந்திலிருந்து பின்பக்கமாக எடுத்தார். முனையில் திரும்பும் இடத்தில், மாட்டுவண்டி மோதிச் சுவர் இடிந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் நட்ட கல் ஒன்று உண்டு. அதற்கு ஒரு விரற்கடை முன்னால் பிரேக் போட்டார். இறங்கிப் பார்த்தார். கல்லின் நெற்றியில் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. மட்கார்டில் இருந்த நசுங்கலும் அதே உயரம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சௌரிராஜன் வண்டி எடுத்ததற்கு முந்தின சாயங்காலம், ஸ்டேஷனில் மச்சினரை ஏற்றிவிட்டு இருட்டில் சந்துக்குள் பின்பக்கமாக வண்டியைக் கொண்டுவந்தார். 'கரக்' என்று ஒரு சத்தம். யார் வீட்டு வாளியோ என்று நினைத்து, பசி அவசரத்தில் உள்ளே போய்விட்டார். வாளி இல்லை. இந்தக் கல்தான்.

அந்த மனிதர் அந்த நிமிஷமே முனிச்சாலைக்கு ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சந்தில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வந்து, உட்கார்ந்து, அந்தக் கல்லில் இருந்த கறுப்பைத் தேய்த்து எடுத்தார். ஒரு பெண் வாங்க முடியாமல் காலி டின்னோடு திரும்பிப் போன மண்ணெண்ணெய் அது என்பது தேய்த்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. துணியைச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். வாசனை போகவில்லை.

அன்றைக்கே கார்டை எடுத்துக்கொண்டு முனிச்சாலைக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். பாதி வழியில் புத்தி வேறு யோசனை சொன்னது. சொல்லி என்ன ஆகப்போகிறது? கார்டைக் கொடுத்துவிட்டால் போதாதா?

"டிங்கரைக் கேட்டேன். ஒண்ணும் பெரிசா இல்லைன்னுட்டான். நீங்க எதுவும் தர வேண்டாம்" என்று கார்டை நீட்டினார்.

சௌரிராஜன் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. எங்க வீட்டு ஆளு பண்ண தப்பைப் பொறுத்துக்கிட்டீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஹாலாஸ்யத்துக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

உள்ளே பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆண் குழந்தை, பிறந்து மூன்று நாள் ஆகிறது என்றாள் சீதாலட்சுமி. பேச்சை மாற்ற நல்ல சாக்குக் கிடைத்தது என்று ஹாலாஸ்யம், "மாப்பிள்ளை வந்து பார்த்தாச்சா?" என்று கேட்டார்.

புருஷனும் பெண்சாதியும் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு சீதாலட்சுமி தமிழில் சொன்னாள். "வரல சார். அன்னிக்கு உங்க வீட்டுலருந்து வந்ததும் இவுக அவரைக் கேட்டுட்டாக. இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லிட்டுப் போங்க மாப்ள, பொய் சத்தியம் எதுக்குன்னு. அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பொண்டாட்டிகிட்டக் கூடச் சொல்லாமப் போயிட்டாரு. புள்ள பொறந்ததுக்குத் தந்தி குடுத்தோம். ஒரு பதிலும் இல்ல. மக சோறு திங்க மாட்டேங்குறா."

ஹாலாஸ்யம் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். ஆனால் 'பெரிய மனசு' என்று சற்று முன்னால் கேட்டதை இழக்க மனம் வரவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்யாமளா என்னவென்று கேட்டதும் கல்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கடைசியில் வழக்கமான நியாயத்தையும் இழுத்தார். "நான் அவாகிட்ட எதை எடுத்துண்டேன்? சும்மா பிடிச்சுத்தானே வெச்சிருந்தேன். அதையும் குடுத்தாச்சு."

"கார்டைக் குடுத்தேள். அந்தப் பிள்ளை பேர்ல விழுந்த பழியை இன்னும் பிடிச்சுத்தானே வெச்சிருக்கேள்? அது யாருதுன்னா? உங்களுதுதானே?"

ஹாலாஸ்யம் தட்டைத் தள்ளி வைத்தார். இத்தனை நாள் தன்னை நேர்மையானவன் என்று எண்ணிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து அவமானமாக இருந்தது. எதையும் எடுத்துக்கொள்ளவில்லையாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் போக வேண்டிய மூச்சை எடுத்திருக்கிறார். ஒரு மனிதனின் சொல்லை எடுத்திருக்கிறார். குழந்தை பிறந்ததும் தகப்பன் பார்க்கும் முதல் பார்வையை எடுத்திருக்கிறார். இதில் எதையும் அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பித் தர முடியாது.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு கோச்சடை வழியாகச் சோழவந்தானுக்குப் போனார். வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்கள். எதுவும் கண்ணில் படவில்லை. நாகசுப்பிரமணியன் அங்கே ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கறுப்பு அம்பாசடரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"சார், இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"நான்தான் இடிச்சேன். நீங்க எடுக்கறதுக்கு முந்தின நாள். என் சந்துக் கல்லுல. தெரிஞ்ச அப்புறமும் மறைச்சேன்" என்றார் ஹாலாஸ்யம். சொல்லும்போது குரல் கிழவன் குரலாகிவிட்டது.

நாகசுப்பிரமணியன் கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், தனக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்று ஹாலாஸ்யம் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இதை எங்க மாமா முன்னாடி சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குத்தான் வண்டி கொண்டுவந்திருக்கேன். ஏறுங்கோ."

முனிச்சாலையில் வீட்டுக்குள் போய் உட்காரக்கூடச் செய்யாமல் ஹாலாஸ்யம் எல்லாவற்றையும் சொன்னார். கல்லைத் துடைத்ததையும் விடவில்லை. கேட்டு முடித்ததும் சௌரிராஜன் ஹாலாஸ்யத்தின் பக்கமே திரும்பவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரில் போய் நின்று, தங்கள் பாஷையில் என்னவோ சொன்னார். அந்தப் பாஷை ஹாலாஸ்யத்துக்குத் தெரியாது. ஆனால் அறுபது வயது மனிதர் ஒருவர் கைகூப்பிக்கொண்டு உடைந்த குரலில் பேசினால் என்ன பேசுகிறார் என்று யாருக்குத்தான் தெரியாது?

நாகசுப்பிரமணியன் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். மரியாதையாகத்தான் இறக்கினார். பிறகு அறைக்குள் போனார். வசுந்தரா அழுவது கேட்டது. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து, வெளிச்சத்தில் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலாஸ்யத்துக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டார்.

சீதாலட்சுமி அவசர அவசரமாக இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். வெளியே வந்த மாப்பிள்ளையிடம் ஒன்றை நீட்டி, தங்கள் பாஷையில் கொஞ்சலாக ஏதோ சொன்னாள்.

"வேணாங்க. எனக்கு வேலை இருக்கு. பேர் வைக்கிற அன்னிக்கு வந்து வசுந்தராவையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார் அவர்.

தமிழில் சொன்னார். அந்த வீட்டுக்குள் அவர்கள் ஒருவருக்கொருவர் தமிழ் பேசிக்கொள்வதில்லை. வெளியாட்களிடம் மட்டும்தான் பேசுவார்கள். சீதாலட்சுமி நீட்டிய டம்ளரை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"மாப்ள" என்றார் சௌரிராஜன்.

"போறேங்க" என்று சொல்லிவிட்டு நாகசுப்பிரமணியன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். ஹாலாஸ்யத்தின் வண்டியில் ஏறவில்லை.

ஹாலாஸ்யம் சௌரிராஜனைப் பார்த்து, "எல்லாம் என்னாலதான். என்னை மன்னிச்சுடுங்கோ" என்றார்.

"உங்களை மன்னிச்சுட்டேன் சார். நீங்க வெளியாளு, உங்களை மன்னிக்கிறது கஷ்டமில்ல" என்றார் சௌரிராஜன். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு சத்தியம் பண்ணாரு. நான் உங்க வண்டிய நம்புனேன்."

சீதாலட்சுமி மாப்பிள்ளை தொடாத டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மற்றதை ஹாலாஸ்யத்திடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அவர் அதை நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார்.